வூட்டுக்கு ஒரு பிரஸ்

இரண்டு ஆம்பிளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் என் வீட்டுக்காரர் அந்தோணி. இன்னொருத்தர் அந்தப் பண்ணை வீட்டுக்குச் சொந்தக்காரர், பனியன் மேல் துண்டு போட்ட பெரிய மனுஷர். அவர்களுக்கு நடுவில் ஒரு மர மேசை. அதன்மேல் நாலு போல்ட் போட்டு இறுக்கிய பச்சை பெயின்ட் அடித்த ஒரு சின்ன இயந்திரம். பார்வைக்கு ஜூஸ் கடையில் சாத்துக்குடி பிழிகிற கைப்பிடி மெஷின் மாதிரிதான் இருந்தது.

வாலாஜாபாத் வருவதற்கு முன்னால் ரோட்டை விட்டு உள்ளே இறங்கிய இடம் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஷெட்டுக்குள் மெஷின் எண்ணெய் வாசனை. அதற்கும் அடியில், தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவைக் கூட்டும்போது அடிக்குமே, அந்த வாசனை. 

"பாத்து சொல்லு ஸ்டெல்லா. நீ ஓகேன்னா எடுத்துக்கலாம்" என்றார் அந்தோணி.

அது துப்பாக்கித் தோட்டாவை வீட்டிலேயே திரும்ப நிரப்புகிற பிரஸ். சுட்டுப்போட்ட காலித் தோட்டாவை அதில் செருகி லீவரை இழுத்தால், அடியில் பொறி தட்டுகிற பழைய கேப் போய்ப் புதுசு ஏறும். அப்புறம் வெடிமருந்து, ஈயக் குண்டு, கடைசியாக வாயை மூடுவது. ஆச்சு, தோட்டா தயார்.

நான் நல்லா இருக்கு என்று சொன்னால் அது அன்றைக்கே எங்கள் வண்டியில் ஏறி, படப்பையில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறைக்கு வந்து சேரும். வேண்டாம் என்று சொன்னால், மறுநாள் காலையில் அவர் பணம் ஏற்றும் வேனில் ஏறும்போது, வெடிக்குமா வெடிக்காதா என்று தெரியாத தோட்டாக்களை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுவார். எந்தப் பக்கம் தலையாட்டினாலும் போகக்கூடியது அவர் உயிர். தலையாட்ட வேண்டியவள் நான்.

எப்படி வந்து மாட்டினேன் என்று சொல்கிறேன்.

இஸ்திரிப் பெட்டி என்று நினைத்தேன்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அந்தோணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளைக் கோலத்தில் தூங்கிவிட்டார் என்று எழுதிவிட்டேனாம். இந்த வாரம் என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டார். பிரஸ் கதை என்றேன். எழுந்து போய்விட்டார்.

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் அவர். திரும்பி வந்து லைசன்ஸ் எடுத்து, பன்னிரண்டு போர் ரக ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வாங்கினார். அதோடு ஒரு ஏஜென்சியில் கன்மேன் வேலைக்குச் சேர்ந்தார். ஏ.டி.எம்.களில் பணம் வைக்கப் போகிற வேனில் கூடவே போவார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், படப்பை, வாலாஜாபாத் என்று சுற்று. வேன் நின்றதும் முதலில் இறங்கி வாசலில் நிற்பார், கடைசியாக ஏறுவார். துப்பாக்கியும் அவரோடது, தோட்டாவும் அவரோடது. ஏஜென்சி கொடுத்தது தொப்பியும் யூனிஃபார்மும்தான்.

ஒருநாள் நான் ஷிப்டில் இருக்கும்போது போன் பண்ணினார். "வூட்டுக்கு ஒரு பிரஸ் வாங்கலாம்னு கீறேன். இன்னா சொல்ற?"

பட்டாளத்தில் இஸ்திரி போடுவதை பிரஸ் பண்ணுவது என்றுதான் சொல்வார்கள். வீட்டிலும் அதே பேச்சுதான், 'சட்டைய பிரஸ் பண்ணியா' என்பார். எங்களுடைய பழைய இஸ்திரிப் பெட்டி வேறு தொட்டால் ஷாக் அடித்துக்கொண்டிருந்தது. தாராளமா வாங்குங்க, நல்ல கம்பெனியா பார்த்து வாங்குங்க என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனுஷன் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு வேலை செய்கிற கைப்பிடி பிரஸ் ஒன்று. தட்டு சுற்றிச் சுற்றி வந்து எல்லா வேலையையும் வரிசையாகச் செய்கிற பெரிய பிரஸ் ஒன்று. மூன்றாவது, மண்ணூரில் லேத் வைத்திருக்கிற அவருடைய சிநேகிதர், பழைய டிரில்லிங் மெஷின் ஸ்டாண்டை வைத்தே செய்து தருகிறேன் என்று சொன்னது. போனில் வெளிநாட்டுக்காரர் எவரோ ஒருத்தர் சிரித்துக்கொண்டே தோட்டா நிரப்புகிற வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு விஷயம் புரிந்தபோது கையிலிருந்த டிபன் பாக்ஸை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. அப்புறம் அது துணி மூட்டைக்குள் கிடைத்தது.

"காலைலதான சரின்னு சொன்ன?" என்றார். நான் இஸ்திரிப் பெட்டி என்று நினைத்தேன் என்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ பிரஸ் ஷாப்புல வேலை செய்றவ. உன்ன வுட்டா இத பாக்க வேற யார் கீறா?" என்றார்.

ஏழு தோட்டா

அவர் மேல் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. காரணம் இருந்தது.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. துப்பாக்கியைப் பரண்மேல் ஏற்றினார். ஹாஸ்டலில் இருக்கிற எங்கள் மகளின் சர்ட்டிபிகேட்டையும் கழற்றி வைத்திருந்த என் தாலியையும் நான் எடுத்துக்கொண்டேன். தோட்டா பெல்ட் பீரோவின் அடித்தட்டில் இருந்ததை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். ரெண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது எடுத்தோம். வெயிலில் காயப்போட்டோம், வத்தல் காயப்போடுகிற மாதிரி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் ஏஜென்சியில் வருஷத்துக்கு ஒருமுறை சுட்டுக் காட்டச் சொல்கிற நாள் வந்தது. அவர் மூன்று தோட்டா போட்டார். ஒன்று வெடித்தது. இரண்டு சும்மா 'டக்' என்றது, அவ்வளவுதான். கூட வந்திருந்த அதிகாரி, பரவாயில்லை, குறி நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

பெல்ட்டில் மிச்சம் ஏழு தோட்டா. புதுசு வாங்கலாமே என்றால், லைசன்ஸ் புதுப்பிக்கக் கொடுத்த ஃபைல் ஏதோ ஒரு மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. கொடுத்ததற்கான ரசீதைக் காட்டி டியூட்டி பார்க்கலாம். ஆனால் புதுப்பித்த புத்தகம் இல்லாமல் கடைக்காரர் தோட்டாவைக் கண்ணிலும் காட்டமாட்டார்.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது மூன்று வாரம் கழித்து. அந்த மூன்று வாரமும் தினம் காலையில் அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். நான் தினம் அவருக்கு எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒரு எழவும் தெரியாது.

தெரிந்த பிறகு சோறு இறங்கவில்லை. ஒரகடம் ரோட்டில் எந்த ஏ.டி.எம். வாசலைப் பார்த்தாலும் அங்கே இவர் நிற்கிற மாதிரியே இருக்கும். கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காருவதையே விட்டுவிட்டேன்.

சரி, பிரஸ் வந்தால் பயம் போய்விடுமா? அது வேறு பயம். எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை. கேஸ் அடுப்புக்கு மேலே பரண். மருந்தை எங்கே வைப்பது? பக்கத்து போர்ஷனில் தூத்துக்குடிப் பையன்கள் நாலு பேர் பொதுவான நடையில் நின்றுதான் சிகரெட் பிடிப்பார்கள். மாடியில் வீட்டுக்காரம்மா, பேரப்பிள்ளைகள். மருந்து கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ என்ன ஆகும் என்று கேட்டேன். கூடினால் குழல் தாங்காது என்றார், ரொம்ப சாதாரணமாக. குழலுக்குப் பக்கத்தில் அவர் முகம் இருக்குமே என்று நான் கேட்கவில்லை. 

ஒரு டிக்

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை நான் எங்கேயும் எழுதியதில்லை.

ஒரகடத்தில் காருக்குத் தகட்டு உருப்படி செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் நான் தரம் பார்க்கிற ஆள். பத்து, பன்னிரண்டு பவர் பிரஸ் வரிசையாக நிற்கும். அது இறங்கும்போது கால் வழியாக அதிர்ச்சி ஏறும். ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்க வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் நடுவில் கை இருக்காது, அதற்குத்தான்.

காலையில் நான் ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஒரு கையால் மட்டும் அமுக்கிப் பார்த்து, இறங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு செக் ஷீட்டில் டிக் போட வேண்டும். திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டம்.

நான் திங்கட்கிழமையே ஆறு கட்டத்திலும் டிக் போட்டுவிடுவேன். நான் மட்டும் இல்லை, எல்லோரும்தான். வேலை அப்படி. ஆடிட் வந்தால் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அதுதான் முக்கியம்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த மாடசாமி என்று ஒரு ஆபரேட்டர். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். டார்கெட் முடிக்க முடியவில்லை என்று ஒரு பட்டனை எப்போதும் அமுங்கினபடியே இருக்கும்படி டேப் போட்டுக் கட்டிவிட்டார். ஒரு கையால் அமுக்கிக்கொண்டே இன்னொரு கையால் தகடு வைக்கலாம். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு விரல் போனது.

விசாரணையில் மேனேஜர் அந்த ஷீட்டை என் முன்னால் வைத்தார். வியாழன் கட்டத்தில் என் டிக். வெள்ளிக்கிழமைக் கட்டத்திலும், சனிக்கிழமைக் கட்டத்திலும் என் டிக். வெள்ளிக்கிழமை இன்னும் விடியவே இல்லை.

ஆஸ்பத்திரியில் மாடசாமி என்னைப் பார்த்ததும், "நீங்க என்னக்கா செய்வீய? நாந்தானக்கா கட்டி வச்சேன்" என்றார். வேறு யாராவது திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதிலிருந்து நான் எதற்கும் 'ஓகே' என்று சொல்வதில்லை. காய்கறிக்காரர் தக்காளி நல்லா இருக்கா என்று கேட்டால்கூட நீங்களே போடுங்க என்றுதான் சொல்வேன்.

ஷெட்டில்

அந்தப் பண்ணை வீட்டு சார் துப்பாக்கி கிளப்பில் போட்டிக்காகத் தட்டு பறக்கவிட்டுச் சுடுகிறவர். மகளோடு இருக்க வெளிநாடு போகிறாராம், அதனால் மிச்சம் இருக்கிற மருந்து, கேப், காலித் தோட்டாவோடு சேர்த்து விற்கிறார். மண்ணூர் லேத்காரர் சொல்லித்தான் அந்தோணிக்கு இவரைத் தெரியும். நல்ல மனுஷர். எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். மேசையை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் மெஷினைத் தொட்டார்.

அந்தோணியைக் காலித் தோட்டா ஒன்றை வைத்து லீவரை இழுத்துப் பார்க்கச் சொன்னார். மருந்து இல்லாமல் சும்மாதான். இவர் இழுத்தார், வாய் அழகாக மூடியது.

அப்புறம் சார் கேட்டார், "இதுக்கு அனுமதிக் காகிதம் வாங்கிட்டீங்க இல்லையா? எனக்கு அதுக்கே நாயா அலைய வேண்டியிருந்துச்சு."

"வந்துரும் சார்" என்றார் அந்தோணி.

வராது. நாங்கள் விண்ணப்பமே போடவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷர் வெளியாளிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் கண்டக்டர் மறந்த டிக்கெட்டைக் கேட்டு வாங்குகிற ஆள். அந்த 'வந்துரும் சார்' என்னைக் குலைநடுங்க வைத்துவிட்டது.

அதற்கப்புறம்தான் பாத்து சொல்லு ஸ்டெல்லா என்றார்.

பார்த்தேன். கம்பெனியில் ஒருநாளும் பார்க்காத ஒழுங்கில் பார்த்தேன். லீவரை மேலே தூக்கி, கீழே இறக்கி, பாதியில் நிறுத்திப் பார்த்தேன். தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன். போல்ட் ஒவ்வொன்றையும் விரலால் தடவினேன். மருந்து விழுகிற குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தேன். 

ஒரு குறையும் இல்லை. அதுதான் கொடுமை. ஒரு நூல்கூட ஆட்டம் இல்லை, ஒரு துளி துரு இல்லை. என் வேலையில் அவ்வளவு நல்ல கருவியை நான் தொட்டதே கிடையாது. உண்மையைச் சொன்னால், ஓகே. கண்ணை மூடிக்கொண்டு ஓகே.

கருவி ஓகே. பரண் ஓகேவா, பக்கத்து போர்ஷன் ஓகேவா, இவர் சொன்ன பொய் ஓகேவா? அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

"ஆட்டம் இருக்கு" என்றேன்.

சாருக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்படியா? எனக்குத் தெரியலையேம்மா" என்று தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மறுபடியும் ஆட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவர் பிள்ளையைப் போல வைத்திருந்த பொருள், அதில் நான் வாய் கூசாமல் பழி போட்டேன். கொஞ்சம் ஆட்டம் இருக்கு சார், மருந்து அளவு மாறிடும், எங்களுக்கு வேணாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அந்தோணி பையிலிருந்து வண்டிச் சாவியை உருவினார். அவ சொன்னா சரியாத்தான் சார் இருக்கும் என்று கும்பிடு போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

டீக்கடை

ஒரகடம் வந்துவிட்டோம். ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடிக்கவும் எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்லி அவரைக் காப்பாற்றினேனா, பொய் சொல்லி அவரைக் கொல்லப் போகிறேனா, ஒன்றும் விளங்கவில்லை. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்த ஆட்டத்தைப் பற்றி நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மேம்பாலம் தாண்டி டீக்கடையில் நிறுத்தினார். இரண்டு டீ வாங்கி வந்து, என் பக்கத்தில் நின்றுகொண்டு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"அதுல ஆட்டம் எதுவும் இல்ல."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ ஆட்டி பாக்கும்போது நானும் பாத்துக்கினுதான இருந்தேன். கல்லு மாதிரி கீது."

"அப்போ ஏங்க அங்கயே சொல்லல?"

டீயை ஒரு வாய் குடித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அந்த லீவர இழுக்க சொல்லவே நம்ம அடுப்பும் மேல் வூட்டு புள்ளைங்களும்தான் கண்ணுல நின்னுச்சி. பட்டாளத்துல இருந்தவன், பயமாகீதுன்னு யார்கிட்ட சொல்றது? நீ வேணாம்னு சொல்லுவன்னுதான் உன்ன இட்டுக்கினு போனேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரமாக நான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன். இவர் என் வாயிலிருந்து ஒரு 'வேணாம்' வாங்குவதற்குக் காலண்டர் தாளில் கட்டம் போட்டிருக்கிறார். நாலு பேர் நிற்கிறார்களே என்றுதான் அடக்கிக்கொண்டேன். அடக்கினதும் கோபம் போய்விட்டது, பயம் மட்டும் அப்படியே நின்றது.

நாளைக்கும் அந்த ஏழு தோட்டாவோடதான் போவீங்களா என்று கேட்டேன். வேற இன்னா பண்றது, லைசன்ஸ் வர்ற வரைக்கும் அதான் என்றார்.

"எவனாச்சும் வந்தா?"

அவர் டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"வந்தா துப்பாக்கிய கீழ போட்டுட்டு ஓடிருங்க" என்றேன். "அது நம்ம பணம் இல்ல. நீங்க ஓடிருங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. குடியரசு தினத்துக்குத் தெருவில் கொடியேற்ற இவரைத்தான் கூப்பிடுவார்கள். அடிக்கமாட்டார், ஆனால் இனிமேல் என் முகத்தில் முழிக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவர் மிச்ச டீயைக் கீழே ஊற்றினார்.

"ஓடிடறேன்" என்றார்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். சரி என்று சொல்லிவிட்டாரே என்ற நிம்மதியில் இல்லை. அவ்வளவு சீக்கிரம் சொன்னாரென்றால், ஒவ்வொரு ஏ.டி.எம். வாசலிலும் இறங்கும்போது எந்தப் பக்கம் ஓடுவது என்று அவர் பார்த்து வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். அதை யாரிடமும் சொல்லாமல் நின்றிருக்கிறார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் யூனிஃபார்மைப் போட்டு, பெல்ட்டைக் கட்டி, துப்பாக்கி உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் சாப்பாட்டுப் பையோடு கேட் வரைக்கும் போனேன். ஜெபம் பண்ணி அனுப்பலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஷூ லேஸ் இறுக்கிக் கட்டினீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு, குனிந்து இரண்டு ஷூவிலும் இன்னொரு முடிச்சு போட்டுக்கொண்டார்.